பின்லாந்தில் ஆயுத பூஜை

மழை வரும் என்று கீழைக்கடல் வானிலை மையம் அறிவித்தால் சங்குமேட்டில் வடகம் காயப் போடுவார்கள். வராது என்று அறிவித்தால் மொட்டைமாடித் துணிகளை அவசரமாக எடுத்துவிடுவார்கள். இந்த வகையில் மையத்தின் அறிவிப்புகள் மிகவும் பயனுள்ளவை, தலைகீழாகப் பிடித்துப் படிக்க வேண்டும், அவ்வளவுதான் என்று ஊரில் ஒரு கருத்து இருந்தது.

தலைகீழாகப் படிக்கச் சோம்பல்படுகிறவர்களுக்காகத் தில்லைநாயகம் இருந்தார்.

இன்னும் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து நடக்கிற கதை இது. கார்கள் தாமாக ஓடும் காலம். சங்குமேட்டுச் சாலையைப் பார்த்ததும் தாமாக நின்றும்விடும். தில்லைநாயகம் அந்த ஊர் பஜார் தெருவில் ‘ஸ்ரீநடராஜா பாத்திர மாளிகை’ வைத்திருந்தார். மாளிகையின் அகலம் பத்தடி. வளிமண்டலம் பற்றி அவர் கடைசியாகப் படித்தது பள்ளிக்கூடத்தில். அதுவும் சாய்ஸில் விட்ட பாடம். ஆனால் ‘தில்லை வெதர்’ என்ற அவருடைய சேனலைப் பதினோரு லட்சம் பேர் பின்தொடர்ந்தார்கள். வங்கக் கடலில் ஒரு சுழி விழுந்தால் போதும், குக்கர் அடுக்குகளுக்கு முன்னால் நாற்காலி போட்டு, தலையில் ஒரு கம்பளித் தொப்பியை மாட்டிக்கொண்டு, “வணக்கம் மக்களே, மையம் மறுபடியும் கோட்டை விட்டுவிட்டது” என்று தொடங்குவார். அடிக்கிற வெயிலில் கம்பளித் தொப்பி எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. மேதைகளுக்கு ஏதாவது ஒன்று இருக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

தொப்பிக்குக் காரணம் உண்டு. அது நன்றிக்கடன். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு சித்திரை மாதம், பெயர் தெரியாத ரசிகர் ஒருவர் அவருக்கு ஓர் இணையச் சுட்டியை அனுப்பினார். திறந்தால் பின்லாந்து நாட்டுப் பக்கம் ஒன்று. மேலே கொம்பு வைத்த மான் படம், வாயில் நுழையாத எழுத்தில் ஏதோ தலைப்பு, கீழே வங்கக் கடலின் வரைபடம். புயல் எங்கே திரும்பும், எத்தனை மணிக்குக் கரை ஏறும் என்று அதில் போட்டது போட்டபடி நடந்தது. பின்லாந்துக்காரனுக்கு வங்கக் கடல்மேல் ஏன் இத்தனை கரிசனம் என்று தில்லைநாயகம் ஒருநாளும் யோசிக்கவில்லை. வெள்ளைக்காரன், எதையும் முழுசாகத்தான் செய்வான். கேட்பவர்களிடம், “எல்லாம் அனுபவமும் கொஞ்சம் ஞானமும்தான்” என்று சொல்லிவந்தார். உண்மை அவர் மனைவி செங்கமலத்துக்கு மட்டுமே தெரியும்.

அவர் புகழுக்கு இரண்டு பேர் முக்கியமாக உதவினார்கள். ஒருவர், மையத்தின் சார்பில் தொலைக்காட்சியில் தோன்றும் துணை இயக்குநர் மரகதவல்லி. வெளிறிய பருத்திப் புடவை, இஸ்திரி போட்ட குரல். அவர் சொல்லும் இடத்தை விட்டுவிட்டுத்தான் புயல் கரை ஏறும். ‘வராதவல்லி’ என்று பெயர் வைத்து, அவர் படத்தைக் குடைக்குக் கீழே ஒட்டி, நாடே சிரித்தது. இன்னொருவர், தில்லைநாயகத்தின் ஒவ்வொரு பதிவுக்குக் கீழும் முதல் ஆளாக வந்து, “மையம் சொன்னதே சரி. பாத்திரம் விற்கிறவர் பாத்திரம் விற்கவும்” என்று எழுதும் ‘உண்மை விளம்பி’. முகப்பில் ஒரு பழைய அரசுப் பேருந்தின் படம். மையம் எத்தனை தடவை தோற்றாலும் அந்த ஆள் மட்டும் அசையவில்லை. தடை செய்திருக்கலாம். பயந்துவிட்டார் என்பார்களே என்று தில்லைநாயகம் விட்டுவைத்திருந்தார்.

அந்த ஐப்பசியில் அந்தமான் பக்கம் ஒரு சுழி விழுந்து புயலாகப் பெருத்தது. பெயர் வைக்கும் முறை ஏதோ ஓர் அண்டை நாட்டுக்கு வந்தது; ‘குல்பா’ என்று வைத்தார்கள். அந்த ஊரில் அது ஒரு பூவாம். இங்கே ஓட்டல்களில், “ரெண்டு குல்பா, ஒரு டீ” என்று விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

ஆயுத பூஜை அன்று காலை தில்லைநாயகம் தராசுக்கும் கல்லாவுக்கும் கேமரா நிற்கும் முக்காலிக்கும் சந்தனம் வைத்துவிட்டு, போனைத் திறந்து மானைத் தேடினார். மான் இல்லை. பக்கமே வரவில்லை. ஆறு மணிக்கு நேரலை என்று பதினோரு லட்சம் பேருக்கு அறிவித்தாகிவிட்டது. பூஜை விடுமுறை முடிகிற அன்றைக்கும் லீவு உண்டா என்று பள்ளிப் பிள்ளைகள் காலையிலிருந்து கேட்டுக் குவித்துக்கொண்டிருந்தார்கள்.

செங்கமலம் பொரிகடலையைக் கிண்ணத்தில் அள்ளிக்கொண்டே, போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும்கூட ஆயுத பூஜை அன்று பின்லாந்துக்காரன் வேலை செய்யவில்லையே, அவர்களுக்கும் சரஸ்வதி பூஜை உண்டா என்று கேட்டாள். உலக அறிவு இல்லாமல் பேசாதே என்று தில்லைநாயகம் கடிந்துகொண்டார். பிறகு, வேறு வழியில்லாமல், வாழ்க்கையில் முதல் தடவையாக மையத்தின் இணையதளத்தைத் திறந்தார். அதுவும் செத்துக் கிடந்தது.

மதியம் வாசலில் ஒரு பெண் வந்து நின்றார். தாமாக ஓடும் கார் ஊர் எல்லையிலேயே நின்றுவிட்டதால் நடந்து வந்திருந்தார், செருப்பெல்லாம் சேறு. தொலைக்காட்சியில் பார்த்ததைவிடக் குள்ளமாக இருந்தார். செங்கமலம்தான் முதலில் அடையாளம் கண்டு, “ஏங்க, வராத... மரகதவல்லி மேடம் வந்திருக்காங்க” என்றாள்.

தில்லைநாயகம் தொப்பியை மாட்டிக்கொண்டு வந்தார். மையம் சரணடைய வந்திருக்கிறது என்று நினைத்தார். பெருந்தன்மையாக நடந்துகொள்ள வேண்டும் என்றும் முடிவு செய்திருந்தார்.

“லிங்க் வேலை செய்யலை இல்லையா சார்?” என்றார் மரகதவல்லி, உட்காருவதற்கு முன்பே.

“எந்த லிங்க்?”

“மான் போட்ட லிங்க். அந்த மானை நான்தான் வரைஞ்சேன்.”

செங்கமலம் பொரிகடலைக் கிண்ணத்தை மெதுவாக மேசைமேல் வைத்தாள்.

வானிலை அறிக்கை வாசிக்கிற அதே குரலில் மரகதவல்லி விளக்கினார். “காத்தை நாங்க எப்பவோ பிடிச்சுட்டோம் சார். எந்தத் தெருவுல எந்த முருங்கை முறியும்னுகூடச் சொல்லிடுவோம். பிடிபடாதது ஜனங்கதான். சொல்லுவோம், யாரும் கிளம்ப மாட்டாங்க. அப்புறம் பொணத்தைத் தேடுவோம். அதனால செவின்னு ஒரு மெஷின் செஞ்சோம். புயல் என்ன செய்யும்னு அது பார்க்காது. புயல் வருதுன்னு கேட்டா ஜனங்க என்ன செய்வாங்கன்னு பார்க்கும்.”

“என்ன பார்த்துச்சு?”

“வரும்னு நாங்க சொன்னா நூத்துல எட்டுப் பேர் கிளம்புவாங்க. வராதுன்னு நாங்க சொல்லி, வெளியாள் ஒருத்தர் எங்களைத் திட்டி, வரும்னு சொன்னா எண்பது பேர் கிளம்புவாங்க. அந்த ஒருத்தரைத் தேடுனோம்.”

இவ்வளவு கேட்ட பிறகும் தில்லைநாயகத்துக்கு ஒரு சின்ன ஆசை மிச்சமிருந்தது. தொப்பியைச் சரிசெய்துகொண்டு, நாட்டில் எத்தனையோ பேர் இருக்க, தன்னை எதற்காகத் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்டார்.

“உங்களை மாதிரி இன்னும் நாப்பது பேர் இருந்தாங்க. அவங்ககிட்ட ஒரு தகவலைக் கொடுத்தா, சரியான்னு சோதிச்சுப் பார்க்கிறாங்க சார். நீங்க பார்க்கலை.”

மூன்று ஆண்டுகளாக மையம் வேண்டுமென்றே தோற்றுவந்திருக்கிறது. தெரிந்தவர்கள் நான்கே பேர். திட்டு வாங்குவதற்கு ஒரு முகம் தேவைப்பட்டபோது, சொந்த ஊர் இந்தக் கடற்கரைதானே என்று மரகதவல்லி ஒப்புக்கொண்டாராம். பெண் பார்க்க வந்தவர்கள் வாசலிலேயே, “ஓ, அந்த வராதவல்லியா” என்று சிரித்துவிட்டுத் திரும்பிப் போனதையும், அடுத்து வரும் இருபத்து நான்கு மணி நேரத்துக்கான செய்தியைப் போலவே சொன்னார்.

“லிங்க் ஏன் நின்னுச்சு?” என்று கேட்டாள் செங்கமலம். பயனுள்ள கேள்விகளை அன்று அவள்தான் கேட்டாள்.

மான் பக்கத்தை நடத்துவதும் செவிதான். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அதை ஒருநாள் நிறுத்தி, சந்தனம் குங்குமம் வைத்து, ஒரு முழம் சாமந்தி போடுவது வழக்கம். புயல் நேரமாயிற்றே, இந்த வருஷம் வேண்டாம் என்று மரகதவல்லி சொல்லிப் பார்த்திருக்கிறார். புதிதாக வந்திருக்கும் இயக்குநர் ஜெயசிம்மன், புயல் நேரம் என்பதால்தான் விமரிசையாகச் செய்ய வேண்டும் என்றாராம். புகைப்படக்காரரை வரவழைத்து, கதவை மூடிக்கொண்டு, இயந்திரத்துக்கு நேர் முன்னால் பெரிய தட்டில் கற்பூரம் கொளுத்தினார். உலகத்தரமான தீயணைப்பு ஏற்பாடு அது. பக்திக்கும் விபத்துக்கும் வித்தியாசம் தெரியாது. கூரையிலிருந்து வாயுவைக் கொட்டி, மின்சாரத்தைத் துண்டித்து, கட்டடம் முழுவதையும் அணைத்துவிட்டது. திரும்ப உயிர் வர நாலைந்து நாளாகும்.

“நேத்து ராத்திரி கடைசியாக் கிடைச்ச கணிப்பு என்கிட்ட இருக்கு. குல்பா இங்கேதான் கரை ஏறுது, சங்குமேட்டுல. நாளை மறுநாள், மத்தியானம். கடல் பஜார் தெரு வரைக்கும் வரும். இன்னைக்குச் சாயங்காலம் நாங்க ஆந்திரா பக்கம் போகுதுன்னு அறிவிப்போம். நீங்க வழக்கம்போல எங்களைத் திட்டுங்க.”

“திட்ட மாட்டேன்” என்றார் தில்லைநாயகம்.

மூன்று வருஷமாகத் திட்டியவர்தானே என்றார் மரகதவல்லி.

“அது தெரியாம திட்டுனது. இப்போ தெரிஞ்சு எப்படி மேடம் திட்டறது? எனக்கும் மானம் இருக்கு. நான் என்ன உங்க ஒலிபெருக்கியா?”

“இல்லை சார். ஒலிபெருக்கி எங்ககிட்டயே இருக்கு. அதைத்தான் யாரும் கேக்கறதில்லை.”

மரகதவல்லி எவ்வளவோ எடுத்துச் சொன்னார். உண்மையை உண்மையாகச் சொன்னால் மக்கள் புரிந்துகொள்வார்கள், பதினோரு லட்சம் பேருக்குத் தன்மேல் இருக்கும் அன்பு மையத்துக்குத் தெரியாது என்றார் தில்லைநாயகம். சாயங்கால அறிக்கையிலும் மையம் தன்னோடு சேர்ந்து உண்மையையே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வாயே திறக்கப்போவதில்லை என்று பிடிவாதமாக நின்றார். வேறு வழியில்லாமல் மரகதவல்லி தலையாட்டினார்.

ஆறு மணி நேரலையில் தில்லைநாயகம் திட்டவில்லை. நேர்மையாகப் பேசினார், அதாவது தன்னால் முடிந்த அளவு நேர்மையாக. மையத்தின் உயர் அதிகாரியே தன் வீடு தேடி வந்து ஆலோசனை கேட்டதாகவும், இருவரும் கலந்து பேசியதில் புயல் சங்குமேட்டில்தான் கரை ஏறும் என்ற ஒரே முடிவுக்கு வந்திருப்பதாகவும், மையத்தின் அறிக்கையை மக்கள் இந்த முறை மதித்து உடனே வெளியேற வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார்.

அன்பு உடனே பொங்கியது. எவ்வளவு வாங்கினாய் என்று கேட்டார்கள். தொப்பியைக் கழற்று என்றார்கள். ஒரு ரசிகர், “தலைவா, உன்னை மிரட்டுகிறார்கள் என்றால் நாளை பச்சைச் சட்டை போடு” என்று எழுதினார். தில்லைநாயகத்திடம் அன்றாடத்துக்கு இருந்ததே பச்சைச் சட்டைகள்தாம் என்பதால் அது வேறு குழப்பமாயிற்று. உண்மை விளம்பி மட்டும் இப்படி எழுதியிருந்தார்: “மையம் சொல்லட்டும், கிளம்புகிறேன். நீங்கள் சொல்லி நான் கேட்பதா? மையத்தின் வாயிலிருந்து நேராக வரட்டும்.”

வாயிலிருந்து நேராக வரவும் செய்தது. இரவுச் செய்தியில் மரகதவல்லி தோன்றி, சங்குமேட்டில் கரை ஏற வாய்ப்பிருக்கிறது என்றார். அதன் பிறகு ஊரில் மிச்சமிருந்த சந்தேகமும் தீர்ந்தது. மையமே வரும் என்கிறது, இனி எப்படி வரும்? மறுநாள் விஜயதசமி. குழந்தைகளைப் பள்ளியில் சேர்த்து, நெல்லில் ‘அ’ எழுதவைத்தார்கள். தாசில்தார் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகக் கெஞ்சினார். அவருக்கு எல்லா வீட்டிலும் சுண்டல் கொடுத்தார்கள். உண்மை விளம்பி ஒருவர்தான் பையைக் கட்டி வாசலில் வைத்தார். அதை அப்போது யாரும் கவனிக்கவில்லை.

பிற்பகல் மரகதவல்லி மீன்பிடித் துறைமுகத்துக்கு வந்தார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. சிரிப்பதற்கு ஏதாவது கிடைக்கும் என்று தொலைக்காட்சிக்காரர்கள் எல்லாரும் ஓடிவந்தார்கள். கடல் அப்போதே ஈயம் காய்ச்சி ஊற்றியது போலக் கனத்துக் கிடந்தது. அவர் மைக்குகளைப் பார்த்து, புதிய ஆய்வுகளின்படி நேற்றைய அறிவிப்பு திரும்பப் பெறப்படுகிறது என்றார். பிறகு நிறுத்தி நிதானமாக,

“சங்குமேட்டுக்கு எந்த ஆபத்தும் இல்லை. யாரும் வீட்டை விட்டு வெளியேற வேண்டாம். குல்பா இங்கே வராது. இதற்கு நான் தனிப்பட்ட முறையில் உறுதி அளிக்கிறேன்” என்றார்.

அரை மணி நேரத்தில் ஊர் கிளம்பிவிட்டது.

கிரைண்டர்கள் கிளம்பின, ஆடுகள் கிளம்பின, பூஜையில் வைத்த வாழைக்கன்று கட்டியபடியே லாரிகள் கிளம்பின. காலையில் மைக் பிடித்துக் கெஞ்சியும் சுண்டல் கொடுத்தவர்கள், இப்போது பேருந்து போதவில்லை என்று தாசில்தாரைச் சட்டையைப் பிடித்துக் கேட்டார்கள். கட்டுமரங்களை இழுத்துக் கட்டிவிட்டு மீனவர் குப்பம் மொத்தமும் மேட்டுப்பள்ளிக்கு நடந்தது. செங்கமலமும் வெள்ளி விளக்கைச் சேலையில் சுற்றிக்கொண்டு நெய்வேலியில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் புறப்பட்டாள். விஷயம் முழுவதும் தெரிந்தவள்தான். இருந்தாலும், “அந்தம்மா உறுதின்னு சொன்னதும் எனக்கே இங்கே இருக்கத் தோணலைங்க” என்றாள்.

தில்லைநாயகம் கடைச் சரக்கைப் பரணில் ஏற்றிவிட்டுக் காலையில் வருவதாகச் சொல்லித் தங்கினார். காலையில் காற்று எழுந்துவிட்டது. ஷட்டரை இறக்கிப் பூட்டிக்கொண்டிருந்தபோது போன் ஒலித்தது. மரகதவல்லி. இஸ்திரி கலைந்த குரல்.

“சார், உண்மை விளம்பி யாருன்னு தெரியுமா?”

“என் விரோதி.”

“எங்கப்பா.”

பெயர் கலியமூர்த்தி. சங்குமேடு பேருந்துப் பணிமனையில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால், ஊரிலேயே தாழ்வான டெப்போ காலனியில் தனியாக இருக்கிறார். கட்டிய பையை நேற்று மாலை, மகள் பேட்டி முடிந்ததும், அவிழ்த்துவிட்டார். அக்கம்பக்கத்தார் இழுத்துப் பார்த்தார்கள். உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். சேதி கட்டுப்பாட்டு அறைக்கு இப்போதுதான் வந்திருக்கிறது.

“நான் போன்ல பேசினேன் சார். அப்பா, புயல் வருது, கிளம்புன்னேன். ‘டிவியில பேசினது அதிகாரி, போன்ல பேசறது பொண்ணு. பொண்ணுக்குப் பயம் இருக்கத்தான் செய்யும். நான் அதிகாரி சொன்னதைத்தான் கேப்பேன்’ங்கறார். வெச்சுட்டார். இப்போ லைன் போகலை. ஒருத்தர்கூட என்னை நம்பிடக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டுத்தான் சார் மைக் முன்னாடி நின்னேன். ஒருத்தர் இருக்கறதை மறந்துட்டேன்.”

தில்லைநாயகத்துக்கு வீரம் பற்றிப் பெரிய அபிப்பிராயம் எதுவும் கிடையாது. ஆனால் தன் ஆறு மணி நேரலைக்குக் கொஞ்சம் பணிவு இருந்திருந்தால் இந்தப் பெண் துறைமுகத்துக்குப் போயிருக்கவே வேண்டாம் என்ற கணக்கு அவருக்கே புரிந்தது. மொபெட்டை உதைத்தார்.

டெப்போ காலனியில் முழங்கால் தண்ணீர். யாருடைய கூரைத் தகடோ தெருவில் நடந்து போய்க்கொண்டிருந்தது. கதவைத் தட்டியதும் திறந்தார் கலியமூர்த்தி. இஸ்திரி போட்ட சட்டை, பையில் பேனா, பின்னால் இன்வெர்ட்டரில் ஓடும் தொலைக்காட்சி.

“பாத்திரக்காரரா? வாய்யா. மழைக்கு ஒதுங்க வந்தியா? மழைதான் கிடையாதே.”

மழை அவருடைய முகத்திலேயே அடித்துக்கொண்டிருந்தது. துண்டால் துடைத்துக்கொண்டு, இது கடல் காற்றில் வரும் ஈரம் என்றார்.

தில்லைநாயகம் மிரட்டிப் பார்த்தார், கும்பிட்டுப் பார்த்தார். கலியமூர்த்தி நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். “முப்பது வருஷம் டெப்போ மைக்குல சொன்னேன்யா. சிதம்பரம் வண்டி இன்னும் அஞ்சு நிமிஷத்துல புறப்படும்னு. ஒரு பய நம்பலை. வெளியில நிக்கற முறுக்குக்காரன்கிட்டப் போய், வண்டி எப்போ எடுப்பாங்கன்னு கேப்பான். அவன் சொன்னா ஏறி உக்காருவான். முறுக்குக்காரனுக்கு எப்படித் தெரியும்? என் மைக்கைக் கேட்டுத்தான். நீ அந்த முறுக்குக்காரன். என் பொண்ணு மைக்.”

“சரியாத்தான் சொல்றீங்க ஐயா” என்றார் தில்லைநாயகம்.

இந்தப் பதிலைக் கலியமூர்த்தி எதிர்பார்க்கவில்லை.

“நான் இதுவரைக்கும் ஒரு புயலையும் கணிச்சதில்லை.”

“அது எனக்குத் தெரியுமே.”

“எல்லாம் உங்க பொண்ணு கணிச்சது.” தொப்பியைக் கழற்றினார். தண்ணீர் சொட்டியது. மான் படத்தையும் செவியையும் நூற்றில் எண்பது பேரையும், சோதித்துப் பார்க்காததால்தான் தன்னைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதையும்கூட விடாமல் சொன்னார். சொல்ல ஆரம்பித்த பிறகு அது ஒன்றும் அவ்வளவு கஷ்டமாக இல்லை. கேட்டுக்கொண்டிருந்தவர் ஒருவர்தானே.

கலியமூர்த்தி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். “என்னைக் கிளப்பறதுக்குக் கதை விடறே. அத்தாட்சி?”

அத்தாட்சியாகக் காட்ட மான்கூட இல்லை. வாசல்படியைத் தாண்டித் தண்ணீர் உள்ளே வந்து நாற்காலிக் காலை நனைத்தது. அப்போதுதான் தில்லைநாயகத்துக்குச் செங்கமலம் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. ஆயுத பூஜைக்கு மகள் ஏதாவது படம் அனுப்புவாரா என்று கேட்டார்.

அனுப்புவாள். கலியமூர்த்தி போனை எடுத்துக் காட்டினார். சாமந்தி போட்ட பெரிய கறுப்புப் பெட்டி ஒன்று, விளக்குகள் அணைந்து, நெற்றியில் குங்குமத்தோடு. போன வருஷம் ஒன்று, முந்தின வருஷம் ஒன்று. கீழே மகளின் வாசகம்: ‘இன்று ஒருநாள்தான் அப்பா இதற்கு ஓய்வு.’

தில்லைநாயகம் தன் போனில் அதே இரண்டு நாட்களின் பதிவுகளை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். ‘தவிர்க்க முடியாத காரணத்தால் இன்று கணிப்பு இல்லை.’ இரண்டு பதிவுகளின் கீழும் உண்மை விளம்பி தம் கைப்பட எழுதியிருந்தார்: ‘ஞானத்துக்கும் இன்று விடுமுறையா?’

டைம் கீப்பர் இரண்டு போன்களையும் மாறி மாறிப் பார்த்தார். வண்டி வந்த நேரத்தையும் போன நேரத்தையும் ஒப்பிட்டே ஆயுளைக் கழித்தவர். முதலில் உதடு கோணியது. பிறகு தோள் குலுங்கியது. அழுகிறார் என்று தில்லைநாயகம் பதறினார். சிரித்துக்கொண்டிருந்தார்.

“பின்லாந்துல ஆயுத பூஜை!” என்றார். தொலைக்காட்சியை அணைத்தார். அவிழ்த்த பையைத் திரும்பக் கட்டினார். “என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்” என்று கதவைப் பூட்டும்போது மட்டும் ஒருமுறை சொன்னார், பூட்டிடம்.

மேட்டுப்பள்ளி போய்ச் சேரும்வரை மொபெட்டின் பின்னால் உட்கார்ந்து அவர் வாயை மூடவில்லை. காற்றை மீறிக் கத்திக் கத்திக் கேட்டார்.

“அந்தப் பொங்கல் மழை? திடீர்னு கொட்டுச்சே?”

“அவங்கதான் ஐயா.”

“காரைக்கால்ல திரும்புன புயல்? உனக்குப் பொன்னாடை போத்தினாங்களே?”

“அவங்கதான்.”

“அந்தச் சித்திரை ஆலங்கட்டியாவது உன்னோடதா?”

“அதுவும் அவங்கதான் ஐயா. பிடிச்சு உக்காருங்க.”

குல்பா மத்தியானம் கரை ஏறியது. பஜார் தெருவரை கடல் வந்தது. டெப்போ காலனியில் கூரையோடு எஞ்சிய வீடு இல்லை. உயிர்ச்சேதமும் இல்லை.

ஐப்பசி முடிவதற்குள்ளேயே பாராட்டு விழா. மேடையில் தில்லைநாயகத்துக்குப் ‘புயல் வென்றான்’ பட்டம் வழங்கினார்கள். குடையைப் போல் விரிந்திருந்த மாலையைப் போட்டார்கள். விசேஷ பூஜையின் பலனால் உயிர்கள் காக்கப்பட்டதாக அறிக்கை கொடுத்த இயக்குநர் ஜெயசிம்மனுக்கு ஒரு கேடயம். மக்களைத் தவறாக வழிநடத்திய மரகதவல்லிக்குக் குற்றக் குறிப்பாணை. மழையே பெய்யாத ஒரு மாவட்டத்தில் மழைமானிகளைப் பராமரிக்கும் பணிக்கு மாற்றம். அங்கே அவர் சொல்வதை யாரும் கேட்கத் தேவையில்லை என்பதால் எல்லாருக்கும் நிம்மதி.

ஏற்புரைக்கு எழுந்தபோது, சொல்லிவிடுவது என்றுதான் தில்லைநாயகம் நினைத்திருந்தார். ஒருவரிடம் சொன்ன பழக்கம் இருந்தது. மைக்கைப் பிடித்த நேரத்தில் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. தெரியாத எண்; பேச்சு மரகதவல்லியுடையது. ‘சொல்லிடாதீங்க சார். கார்த்திகையில இன்னொண்ணு இருக்கு.’

போனைத் திரும்பச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். “எல்லாம் அனுபவமும் கொஞ்சம் ஞானமும்தான்” என்றார். கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரமானது.

கார்த்திகையில் மான் திரும்பி வந்தது. புதிதாக ஓர் இளைஞர் தொலைக்காட்சியில் தோன்றி, தாழ்வு மண்டலம் ஒடிசாவுக்குப் போகும் என்றார். தில்லைநாயகம் தொப்பியை மாட்டிக்கொண்டு, மையம் மறுபடியும் கோட்டை விட்டுவிட்டது என்றும், அது நாகைக்குத் தெற்கே வரும் என்றும் பேசிப் பதிவேற்றினார். முதல் ஆளாக உண்மை விளம்பி வந்தார்.

“அபாரமான கணிப்பு. இந்தத் துல்லியம் உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் வரும். பெருமையாக இருக்கிறது. சாப்பிட்டுவிட்டு வேலை செய்யவும்.”

உண்மை விளம்பியே திருந்திவிட்டார் என்று கீழே ஆயிரக்கணக்கானவர்கள் கொண்டாடினார்கள். செங்கமலமும் எட்டிப் பார்த்து, கடைசியில் அந்த மனுஷனும் பாராட்டிவிட்டாரே என்றாள். ஆமாம் என்றார் தில்லைநாயகம். தொப்பியைக் கழற்றிக் குக்கர்மேல் வைத்தார். அவள் உள்ளே போன பிறகு, பழைய பதிவுகளைத் தேடிப் பிடித்து, ‘பாத்திரம் விற்கிறவர் பாத்திரம் விற்கவும்’ என்பதை ஒருமுறை நிதானமாக வாசித்தார். அதுவாவது தனக்கு எழுதியது.